‘அமைதி வினையடை’ பொருந்துமா? – ஒரு மறுப்பும் ஒரு மாற்றுப் பரிந்துரையும்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

‘காம்லி’, ‘செரீன்லி’, ‘பிளாசிட்லி’, ‘கூல்லி’ போன்று, மனம் கலங்காமல் ஒன்றைச் செய்வதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களை ஒரு தொகுதியாகக் குறிப்பதற்குத் தமிழில் ஒரு கலைச்சொல் வேண்டுமென்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். வந்த விடைகளில் பெரும்பாலானவை ‘அமைதி வினையடை’ என்பதையே முன்வைத்தன. ‘வினையடை’ என்ற பிற்பாதியில் எனக்கு மறுப்பில்லை. ‘வினையுரிச்சொல்’ என்று பள்ளியில் படித்தவர்களுக்கும் அது விளங்கும். இடர்ப்பாடு முற்பாதியில்தான் இருக்கிறது.

இலக்கணத்தில் ‘அமைதி’ ஏற்கெனவே வேறொரு பொருளில் நிலைபெற்றுவிட்ட சொல். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழுவமைதி என்று படித்த மாணவர், ‘அமைதி வினையடை’ என்றதும், விதிக்குப் புறம்பாக இருந்தும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஏதோவொரு வினையடை என்றே எண்ணுவார். அதைவிடப் பெரிய சிக்கல், வகுப்பில் ‘அமைதியாக இரு’ என்றால் பேசாதே என்று பொருள்படுவது. ஆங்கிலம் ‘கொயட்லி’ என்பதையும் ‘காம்லி’ என்பதையும் தனித்தனியே வைத்திருக்கிறது. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் விடுபவரைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை: சுற்றிலும் கூடைகளும் நெரிசலும் இருக்க, தொண்டை கிழிய விலையைக் கூவிக்கொண்டே இருப்பார், முகத்தில் ஒரு சலனமும் இராது. அவர் செய்வது ‘காம்லி’, ‘கொயட்லி’ அன்று.

‘நிதான வினையடை’ என்ற பரிந்துரையும் எனக்கு ஒத்துவரவில்லை. அது வேகத்தைக் குறித்துவிடுகிறது. இராயபுரத்தில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது வாரந்தோறும் நேரும் தொல்லை. எங்கள் பகுதிப் பேச்சில் ‘நிதானமா போ’ என்றாலும் ‘பொறுமையா போ’ என்றாலும் மெதுவாகப் போ என்பதும் பொருள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நடுக்கடலில் விசைப்படகின் எஞ்சின் நின்றுபோனதைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். ‘எங்கப்பா பொறுமையா எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்தாரு’ என்று மனத்தில் ஓடியதை ‘ஸ்லோலி’ என்று ஆங்கிலப்படுத்தியிருந்தாள். அதைப் படிக்கும் ஆங்கிலேயருக்கு அவளுடைய தந்தை ஒரு சோம்பேறியாகத்தான் தெரிவார். கை மெதுவாகவா வேலை செய்தது என்று கேட்டேன். “இல்ல சார், வேகமாதான் செஞ்சாரு. பதறல, அவ்வளவுதான்” என்றாள். சொல் அங்கே கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே என்னுடைய பரிந்துரை ‘பதறாநிலை வினையடை’ என்பது. ஒன்றைக் குறிப்பதற்கு இன்மையைச் சுட்டும் சொல் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் ‘ஆற அமர’ போன்ற ஓரிரண்டைத் தவிர்த்துப் பார்த்தால், தமிழ் இந்த மனநிலையைப் பெரும்பாலும் எதிர்மறை வினையெச்சத்தால்தான் சொல்கிறது: பதறாமல், கலங்காமல், அசராமல், அலட்டிக்கொள்ளாமல். ‘பதறாத காரியம் சிதறாது’ என்று பழமொழியே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆங்கிலம் பெயரடையோடு ‘லி’ விகுதியைச் சேர்த்து உடன்பாட்டில் சொல்லும் இடத்தில் நாம் எதிர்மறையில் சொல்வது நம் மொழியின் இயல்பு என்பதால், கலைச்சொல்லும் அந்த வழியில் போவதில் குறையொன்றுமில்லை.

இதில் ஒரு நடைமுறை வசதியும் உண்டு. ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கும்போது அந்த வினையடையின் இடத்தில் ‘பதறாமல்’ என்பதை வைத்துப் பார்க்கலாம். பொருந்தினால் அது இத்தொகுதியைச் சேர்ந்தது. குழந்தை தூங்குகிறதென்று ‘கொயட்லி’ கதவைச் சாத்தினாள் என்ற இடத்தில் பொருந்தாது. அங்கே ‘சத்தமில்லாமல்’ என்பதுதான் வரும். ‘கூல்லி’ பொய் சொன்னான் என்ற இடத்தில் பொருந்தும், சற்றே துணிச்சலின் நெடியோடு. நம்மூரில் ‘கூலா பொய் சொல்றான்’ என்பதிலும் அதே நெடி உண்டு. (அச்சொல்லை நான் கரும்பலகையில் தமிழெழுத்தில் எழுதினால் பின்வரிசையில் இருப்பவர்கள் ‘கூலி’ என்று படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள் என்பது வேறு கதை.)

எழுதக் கற்பவர்களுக்கும் இப்பெயர் ஒன்றை நினைவூட்டும். பதறுவதற்குக் காரணம் இருக்கும் இடத்தில்தான் ‘காம்லி’ வேலை செய்கிறது. ஒருவர் வீட்டுத் திண்ணையில் ‘காம்லி’ தேநீர் குடித்தார் என்றால் அச்சொல் வெறும் சுமை. பக்கத்துக் கூரை பற்றியெரியும்போது குடித்தார் என்றால் அந்த ஒரு சொல்லிலேயே அவருடைய குணம் தெரிந்துவிடும்.

‘செரீன்லி’ மட்டும் இந்தப் பெயருக்குள் சற்று நெருடலோடுதான் அடங்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் வேரான இலத்தீன்சொல் மேகமற்ற தெளிந்த வானத்தைக் குறித்தது. அங்கே அடக்குவதற்குப் பதற்றமே இல்லை. ஆனாலும் அந்த ஒன்றுக்காகத் தொகுதியின் பெயரை மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. ‘நடுவுநிலை வினையடை’ என்று, உணர்வுகளின் வெளிப்பாட்டைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலிருந்து எடுத்துக்காட்டிய அன்பருக்கு நன்றி. இன்றைய வாசகர் அதை நீதிமன்றத்தோடும் தேர்தலோடும்தான் சேர்த்துப் படிப்பார் என்பதால் அதை ஏற்க இயலவில்லை.

எஞ்சியிருப்பது ‘பேஷன்ட்லி’. ‘பதறாமல் காத்திருந்தார்’ என்பதும் சரியாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் பொறுத்துக்கொள்வதும் பதறாதிருப்பதும் ஒன்றுதானா என்பதில் எனக்கே தெளிவில்லை. மாணவர்களுக்கான கையேடு சனிக்கிழமை மண்ணடி அச்சகத்துக்குப் போகிறது. ‘பேஷன்ட்லி’யை இத்தொகுதியில் சேர்ப்பதா, விடுவதா என்று வெள்ளிக்கிழமை இரவுக்குள் சொன்னால் திருத்திவிடுவேன்.

அன்புடன்,
இராயபுரத்திலிருந்து