இரண்டு ரிப்போர்ட், இரண்டு முடிவு: கர்ப்பகால சர்க்கரையில் எதை நம்புவது?

கேள்வி – கிராம சுகாதார செவிலியர்

26 வாரக் கர்ப்பிணி. நம் நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 148. இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். "சாப்பிட்டுட்டுப் பார்த்தா அப்படித்தான் காட்டும்" என்று வீட்டில் சொல்லி, தனியார் லேபில் வெறும் வயிற்றில் எடுத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் 88, ஒரு மணி நேரத்தில் 171, இரண்டு மணி நேரத்தில் 146. ரிப்போர்ட்டில் 'நார்மல்'. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.2. மாமியார் உணவுக் கட்டுப்பாட்டையே நிறுத்திவிட்டார். எதை வைத்துப் பேசுவது?

பதில் – மகப்பேறு மருத்துவர்

சிஸ்டர், இரண்டும் வேறு வேறு அளவுகோல். நாம் செய்வது டிப்ஸி (இந்தியக் கர்ப்பகால சர்க்கரை ஆய்வுக் குழு) முறை. எப்போது சாப்பிட்டிருந்தாலும் செய்யலாம், 2 மணி நேர அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை. வெறும் வயிற்று முறையில் 92, 180, 153 என்று மூன்று எல்லை; ஒன்றைத் தொட்டாலே போதும். அதனால் ஒன்றில் பிடிபட்டு மற்றதில் தப்புவது நடக்கக்கூடியதுதான்.

சாப்பிட்டதால் ஏறியது என்ற பேச்சுக்குப் பதில் இது: நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும். கணையம் ஈடுகொடுத்துக் கூடுதலாகச் சுரந்தால், இட்லிக்கு மேல் குளுக்கோஸ் குடித்தாலும் 140-க்குள் நிற்கும். நிற்கவில்லை என்பதுதான் இங்கே செய்தி.

எச்பிஏ1சி-யை ஒதுக்கிவிடுங்கள். கர்ப்பத்தில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவதால் அது இறங்கித் தெரியும், இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏறித் தெரியும்.

பதில் – லேப் டெக்னீஷியன்

தனியார் லேபில் எந்த மூடி போட்ட டியூபில் எடுத்தார்கள்? சாம்பல் மூடியா, சிவப்பா? ரத்தம் எடுத்த இடத்திலேயே சோதித்தார்களா?

கேள்வி கேட்டவர்

விசாரித்தேன் சார். சிவப்பு மூடி. கலெக்‌ஷன் சென்டரில் எடுத்து பைக்கில் டவுனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

பதில் – லேப் டெக்னீஷியன்

அப்படியானால் அந்த 'நார்மல்' நிற்காது. டியூபுக்குள்ளும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அணுக்களைப் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். 6 சதவீதம் என்று வைத்தால் 146 உண்மையில் 155, 88 உண்மையில் 93 அல்லது 94. இரண்டுமே எல்லையைத் தாண்டிவிட்டன. இதைத் தடுக்கச் சாம்பல் மூடி டியூபில் போடும் ஃபுளோரைடு சிவப்பில் கிடையாது; அந்த ஃபுளோரைடும் உடனே முழுதாகத் தடுக்காது. எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி, ஐஸில் வைத்து, அரை மணிக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும்.

நம் பக்கமும் தவறு வரும். 300 மில்லி தண்ணீரில் கரைத்த பிறகு டம்ளரின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகத் தங்கினால் அந்த அளவு வயிற்றுக்குப் போகவில்லை. 5 நிமிடத்தில் குடித்து முடிக்க வேண்டும், முதல் மடக்கிலிருந்து நேரம் குறியுங்கள். இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருக்கட்டும், கடைத்தெருவுக்குப் போய்வந்தால் அளவு இறங்கும். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்யுங்கள். அதற்குப் பிறகென்றால் தொடரலாம்.

பதில் – உணவியல் ஆலோசகர்

மாமியாரிடம் பட்டினி என்ற எண்ணம் வராமல் பேசுங்கள், பெரும்பாலும் அந்தப் பயத்தில்தான் நிறுத்துகிறார்கள். மூன்று வேளைச் சாப்பாட்டையும் குறைத்து, இடையில் சுண்டல், மோர் என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கேழ்வரகு நல்லது என்று கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். அதையே காய்கறியோடு அடையாகத் தட்டுவது மேல். சாப்பிட்டபின் நடை.

பதில் – மகப்பேறு மருத்துவர்

இரண்டு வாரம் இப்படி இருந்துவிட்டு, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். 120-க்குள் இருந்தால் உணவே போதும். 120 அல்லது அதற்கு மேல் என்றால் மெட்ஃபார்மின் அல்லது இன்சுலின் தொடங்க அனுப்புங்கள். வயிற்றிலுள்ள குழந்தையின் நுரையீரல் வளர்ச்சிக்கான ஸ்டீராய்டு ஊசி தாய்க்குப் போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும், தேதியை அட்டையில் எழுதிவிடுங்கள். பிரசவமாகி 6 வாரத்தில் மறுபடி 75 கிராம் சோதனை. குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் நாளிலேயே அதையும் வைத்தால் விட்டுப்போகாது.