கூட்டு ஜெபத்தில் கடவுளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? கடலூர், புதுவை அனுபவங்கள்

கடலூர் முதுநகர்க்காரர்:

பல மதத்தாரும் கூடி நிற்கிற இடத்தில் நம் சாமியாரோ பாஸ்டரோ ஜெபம் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அங்கே முதல் வார்த்தையாக எதைச் சொல்கிறார்கள்? நான் பார்த்ததை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

2014 டிசம்பர். சுனாமி வந்து பத்து வருஷம் ஆகப்போகிற சமயம். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். தேவனாம்பட்டினம் கரையில் எல்லாருமாகச் சேர்ந்து அஞ்சலி செய்வது என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். சிவன் கோயிலில் தேவாரம் பாடுகிற ஓதுவார் ஒருவர், பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருவர், கிறிஸ்தவர் தரப்பில் ஒருவர், ஆளுக்கு ஐந்து நிமிடம். அந்தக் கடைசி 'ஒருவரை' முடிவு செய்யத்தான் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தோம்.

வந்தவர்கள் நாலு பேர்: எங்கள் பங்குச் சாமியார், லுத்தரன் சபையின் வயதான ஐயர் (அங்கே குருவை ஐயர் என்பார்கள்), சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர், குப்பத்திலேயே ஜெபவீடு நடத்துகிற முப்பது வயதுப் பாஸ்டர். (எங்களுக்கு ஆயர் என்றால் பிஷப். சி.எஸ்.ஐ.யில் ஆயர் என்றால் சபைக் குரு. ஒருவரையொருவர் கூப்பிடுவதிலேயே நமக்குள் இவ்வளவு வித்தியாசம்.) குறிப்பெடுக்க நான். இரண்டு மணி நேரம் பேசினார்கள். அதில் பாதிக்கு மேல் முதல் சொல்லிலேயே போய்விட்டது.

பாஸ்டர், "'கர்த்தராகிய தேவனே'ன்னு ஆரம்பிக்கலாம்" என்றார். எங்கள் சாமியார், "கரையில நிக்கிற ஜனம் முக்கால்வாசி இந்துக்கள். அவங்களுக்கு அது சர்ச்சுக்குள்ள கேக்கிற வார்த்தை. 'இறைவா' போதுமே" என்றார். "இறைவான்னா யாரை ஃபாதர்?" என்று பாஸ்டர் கேட்டார். அவர் சண்டைக்காகக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவருக்கு நெஞ்சில் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

அப்போது லுத்தரன் ஐயர் பேச ஆரம்பித்தார். "தேவன்ங்கிறது வானத்துலேர்ந்து விழுந்த மாதிரி பேசறோம் தம்பி. 1578இல கொல்லத்துல அச்சான தமிழ்ப் புத்தகத்துக்கு 'தம்பிரான் வணக்கம்'னு பேரு. தம்பிரான்னா இன்னைக்கு யாரு? ஆதீன மடத்துத் துறவி. அப்புறம் கத்தோலிக்கர் 'சர்வேசுரன்'ன்னாங்க. தரங்கம்பாடிக்கு 1706இல வந்த எங்க மிஷனரி சீகன்பால்குவும் தமிழ் பைபிள்ல அதையே எடுத்துக்கிட்டார். பின்னால பைபிளை மொழிபெயர்த்த ஃபெப்ரீஷியஸ் அதைப் 'பராபரன்' ஆக்கினார். பவர் ஐயர் மொழிபெயர்ப்புலதான் 'தேவன்' நிலைச்சுது. பின்னால திருத்தின வேதத்துல 'கடவுள்'னு போட்டப்ப நம்ம சபைங்க ஏத்துக்கல. 'கடவுள்'னா யாரு கடவுள்னு, இப்ப நீ கேட்ட அதே கேள்வியைத்தான் அன்னைக்கும் கேட்டாங்க."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பராபரத்தைக் கூப்பிட்டுத் தாயுமானவரும் பாடியிருக்கார், குணங்குடி மஸ்தான் சாகிபும் பாடியிருக்கார். நம்ம பைபிள்லயும் அதே வார்த்தை இருந்துது. நாமளா விட்டுட்டோம்" என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்கு மறக்காது. விற்றுவிட்ட நிலத்தைப் பற்றிப் பேசுகிறவர் குரல் அப்படித்தான் இருக்கும்.

"அந்தப் பராபரனே இருக்கட்டுமே" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "இன்னைக்கு எந்தக் குப்பத்து ஆத்தாவுக்கு அது புரியும்?" என்று ஐயரே தள்ளிவிட்டார்.

சி.எஸ்.ஐ. ஆயர் வேறொன்றைக் கிளப்பினார். "ஓதுவார் சிவனை 'நீ'ன்னுதான் பாடுவார். ஹஜ்ரத் குர்ஆனைத் தமிழ்ல சொன்னா 'உன்னையே வணங்குகிறோம்'ங்கிறார். 'நீர், உம்மை'ங்கிறது நம்ம மட்டும்தான். நாம மரியாதை குடுக்கிறோம், அவங்க குடுக்கலைங்கிற மாதிரி ஆயிடக் கூடாது." இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சாமியார் எழுதி வைத்திருந்த வரைவை எடுத்து வாய்விட்டுப் படித்தார். மூன்றாவது வரி: "நீரே எங்கள் அடைக்கலம், நீரே எங்கள் நம்பிக்கை."

பாஸ்டர் கையைத் தூக்கினார். "ஃபாதர், அந்த 'நீரே' வேணாம். அங்க நிக்கப்போறவங்க பிள்ளைங்களை நீர்தான் கொண்டுபோச்சு."

ஆயிரம் முறை சொன்ன வார்த்தை அது. பூசையில், சாவு வீட்டில், ஜெபமாலைக்குப் பிறகு, எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதற்குள் தண்ணீர் இருப்பது காதில் விழுந்தது. சாமியார் பேனாவை எடுத்து ஒவ்வொரு 'நீரே'யையும் அடித்தார். ஒரு பக்கத்தில் ஏழு இடம்.

கடைசியாக முடிப்பு வரி. "இயேசுவின் நாமத்தில்னு முடிக்காத ஜெபத்துல நான் நிக்க மாட்டேன்" என்றார் பாஸ்டர். பிடிவாதக்காரர் என்று அப்போது நினைத்தேன். சாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நீங்களே ஜெபியுங்க. அந்தக் கரை உங்க கரை" என்றார். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையைப் பாதியில் விட்டு ஓடி, பிணம் தூக்கினவர் அவர். தொடக்கம் மட்டும் எல்லாரும் சேர்ந்து எழுதியது: "எங்களைப் படைத்த ஆண்டவரே."

புதுவை, ஓய்வுபெற்ற நர்ஸ்:

ஆண்டவர் என்றதும் எனக்கு ஒரு சம்பவம் ஞாபகம் வருகிறது. நான் பிறந்து வளர்ந்தது மிஷன் வீதியில், சம்பா கோவில் பங்கு. என் பாட்டி சாகிற வரைக்கும் 'சர்வேசுரா' என்றுதான் சொல்வாள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1960களில் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய மாநாடு) பிறகு கோயிலில் 'கடவுளே', 'இறைவா' என்றெல்லாம் மாறியபோது, "பேரை மாத்திக் கூப்பிட்டா அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தோணுமா?" என்று உண்மையாகவே கவலைப்பட்டாள்.

நான் வேலை பார்த்த வார்டுக்கு ஒரு வயதான ஃபாதர் வாரம் ஒருமுறை வருவார். நம் ஆட்களுக்கு நற்கருணை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் பக்கத்துக் கட்டிலில் சுல்தான்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாட்டிம்மா, மறுநாள் ஆபரேஷன். "சாமி, எனக்கும் துஆ செய்யுங்க" என்றாள். (துஆ என்றால் முஸ்லிம்கள் செய்கிற வேண்டுதல்.) ஃபாதர் அவள் தலைமாட்டில் நின்று, "ஆண்டவனே, இந்தத் தாயைக் காப்பாத்து" என்றார். அவ்வளவுதான். பாட்டிம்மா "ஆமீன்" என்றாள், ஃபாதர் "ஆமென்" என்றார். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது.

எதிர்க் கட்டிலில் இருந்தவர் நம் பங்குக்காரர். ஃபாதர் போனதும் என்னிடம் வந்து, "ஆண்டவனேன்னு ஒருமையில சொல்றாரு, 'காப்பாத்து'ங்கிறாரு. குருவே இப்படிப் பேசலாமா?" என்று கேட்டார். அடுத்த வாரம் ஃபாதரிடமே சொன்னேன். "ஊர் முழுக்க 'ஆண்டவன்'னுதான் சொல்லுது, இந்துவும் பாயும் கூட. நாமதான் 'ர்' போட்டு வேலி கட்டி வெச்சிருக்கோம். அந்தம்மாவுக்காக வேலியைத் தாண்டிப் போனேன், அவ்வளவுதான். பூசையில 'ஆண்டவரே'தான் சொல்லுவேன்" என்றார். எனக்கு அது சரியாகப்பட்டது. இன்றும் படுகிறது.

பரங்கிப்பேட்டைப் பக்கம், இருபது வருஷம் குவைத்தில் இருந்தவர்:

குவைத்தில் அரபு மொழிப் பூசைக்கு ஒருமுறை போனேன். லெபனான்காரர்கள், எகிப்துக்காரர்கள். அவர்கள் வாயில் கடவுள் 'அல்லாஹ்'தான். அவர்களுக்கு அது வழக்கமான வார்த்தை. பக்கத்தில் நின்ற நம்மூர்க்காரர் ஒருவர் திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார். இஸ்லாம் வருவதற்கு முன்பே அரபு பேசின கிறிஸ்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று வெளியே வந்து அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

2007 ஆகஸ்டில் நெதர்லாந்தின் பிரேடா மறைமாவட்ட ஆயர் மஸ்கென்ஸ், கிறிஸ்தவர்களும் கடவுளை 'அல்லாஹ்' என்று அழைக்கலாம் என்று டி.வி.யில் சொன்னார். இந்தோனேசியாவில் வேலை செய்தவர் அவர். அங்கே கத்தோலிக்கப் பூசையிலேயே அந்த வார்த்தைதான். ஆனால் அவர் நாட்டிலேயே நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை. மலேசியாவில் கதை தலைகீழ்: கத்தோலிக்கப் பத்திரிகை ஒன்று மலாய்ப் பக்கங்களில் அந்த வார்த்தையைப் போடக்கூடாது என்று அரசே தடுத்தது. 2009 கடைசி நாளில் உயர் நீதிமன்றம் பத்திரிகை பக்கம் தீர்ப்பளித்தது, 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது.

லீவில் ஊருக்கு வந்தபோது இதை எங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர் சொன்னது: "அரபு பேசறவன் அல்லாஹ்ங்கிறது அவன் தாய்மொழி. தமிழ் பேசற நான் சொன்னா, அது பாய்ங்க வீட்டுச் சாவியை நான் எடுத்துப் பையில போட்டுக்கிட்ட மாதிரி. கேக்காம எடுக்கக் கூடாது." இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லேயே, முஸ்லிம்கள் ஒரே கடவுளை வணங்குகிறார்கள் என்று மதிப்போடு எழுதி வைத்திருக்கிறது. ஒரே கடவுள் என்று ஒத்துக்கொள்வது வேறு, அடுத்தவர் வார்த்தையை வாயில் போட்டுக்கொள்வது வேறு என்பது அவர் கட்சி. பரங்கிப்பேட்டையில் பாய்மார்களோடு பிறந்து வளர்ந்த எனக்கு அது உடனே புரிந்தது.

மஞ்சக்குப்பம், ஊழியக் குடும்பத்துப் பெண்:

முதலில் எழுதினவர் அந்தப் பாஸ்டரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். என் கணவரும் ஊழியக்காரர், அதனால் சொல்கிறேன். இயேசுவின் நாமம் எங்களுக்குக் கடிதத்தின் கடைசியில் போடுகிற கையெழுத்து இல்லை. அந்த நாமத்தால்தான் பிதாவிடம் போகவே முடியும் என்று நம்புகிறோம். ஓதுவாரிடம் யாராவது "நமசிவாய சொல்லாமல் பாடுங்க" என்று கேட்பார்களா? அதுவும் கடலூரில்? கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது அப்பர் அந்த ஐந்தெழுத்தைச் சொல்லித்தான் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்தார் என்று ஊரே சொல்கிறது. கேட்டால் நமக்கே வெட்கமாக இருக்கும். அப்படியிருக்க எங்களிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

அடுத்தவரை மனம் நோகடிக்கிற மாதிரி ஜெபிக்கிற ஊழியர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு சாவு வீட்டில், இறந்தவர் நரகத்துக்குப் போனார் என்கிற அர்த்தம் வர ஒருவர் ஜெபித்ததைக் கேட்டு நான் எழுந்து வெளியே வந்தேன். அது நாமத்தின் தப்பு இல்லை, வாயின் தப்பு.

ஒன்று கேட்கிறேன். கரையில் பாஸ்டர் அந்த நாமத்தைச் சொன்னபோது ஹஜ்ரத் என்ன செய்தார்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.

கடலூர் முதுநகர்க்காரர்:

சொல்கிறேன் அம்மா. நீங்கள் எழுதினது சரி. 'பிடிவாதக்காரர்' என்ற வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 26 அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டும் என்று ஹஜ்ரத் முதலிலேயே துஆ செய்து முடித்தார். ஆனால் போகவில்லை. ஓதுவார், அப்பர் இங்கே பாடிய பதிகத்தைப் பாடினார், தாயும் தந்தையுமாக நின்றவனைப் பற்றியது. காற்று மைக்கில் அடித்து இரைந்தது, யாரோ ஒரு கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினார்கள். பிறகு பாஸ்டர். எழுதிக் கொடுத்த காகிதம் மடித்தபடி சட்டைப் பையிலேயே இருந்தது. "எங்களைப் படைத்த ஆண்டவரே" என்று தொடங்கினார். நான் நின்ற இடத்திலிருந்து ஹஜ்ரத்தின் கைகள் தெரிந்தன. துஆவுக்கு விரிப்பது போல இரண்டு உள்ளங்கையும் மேலே பார்த்து விரிந்திருந்தன. பாஸ்டர் குப்பத்தில் செத்த குழந்தைகளின் பெயரை வரிசையாகச் சொன்னார். கைகள் அப்படியே இருந்தன. "இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே" என்றபோது ஹஜ்ரத் கையை மெதுவாக இறக்கி முன்னால் கட்டிக்கொண்டார். தலையைத் திருப்பவில்லை, நகரவும் இல்லை. கூட்டம் ஆமென் சொல்லி முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றார்.

பாஸ்டரும் அதைப் பார்த்திருந்தார். பாலும் பூவும் கடலில் விட எல்லாரும் இறங்கிப் போகும்போது ஹஜ்ரத்திடம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹஜ்ரத் அவர் தோளில் கை வைத்து, "பையனுக்குக் காய்ச்சல்னாங்களே, இறங்கிச்சா?" என்று கேட்டார். "நேத்து ராத்திரிதான் இறங்கிச்சு பாய்" என்றார் பாஸ்டர். இரண்டு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தார்கள்.