பரணில் கிடைத்த வரைபடச் சுருள்

மும்பை மாட்டுங்காவில் தாத்தா காலத்து வீடு. மறுகட்டுமானத்துக்காகக் காலி செய்தபோது பரணில் ஒரு தகரக் குழாய். உள்ளே வீட்டின் கட்டட வரைபடங்கள்: நீலத் தாள்கள் நான்கு, துணி மாதிரி ஒன்று. மாடிப்படிக் கைப்பிடியின் வளைவுகூட வரைந்திருக்கிறது. அப்பா லேமினேட் செய்யலாம் என்கிறார். செய்யலாமா?

பழைய டிராஃப்ட்ஸ்மேன்: ஐயோ, வேண்டாம் தம்பி! நீலத் தாள் வெளிச்சத்தில் வெளுக்கும். துணி மாதிரி இருப்பது டிரேசிங் துணி, வரைபடத்தின் மேல் வைத்துப் படியெடுக்கும் மெல்லிய துணி, கஞ்சி ஏற்றியது. ஈரக் கை ஆகாது. எங்கள் வீட்டில் அதைத் துவைத்துக் கைக்குட்டை தைத்தார்கள், என்ன சொல்ல!

தாதர்காரி: முதலில் வரைபடத்தின் மூலையைப் படமெடுங்கள். பெயர், தேதி, மனை எண் அங்கேதான் இருக்கும். அந்த மனைகளைப் பிரித்தது 1898இல் தொடங்கிய பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட்.

கேட்டவர்: பார்த்தேன். 1938, மனை எண் எல்லாம் இருக்கிறது. வரைந்தவர் பெயரைத்தான் பூச்சி அரித்துவிட்டது.