மறு: ‘ரெகுலேட்டரி கேப்சர்’ – ‘ஒழுங்காற்று வசப்பாடு’ என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு தொழிலைக் கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பு, அந்தத் தொழில் நிறுவனங்களின் நலனுக்கே இயங்கத் தொடங்குவதை ஆங்கிலத்தில் ‘ரெகுலேட்டரி கேப்சர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக முந்தைய மடல்களில் வந்த பரிந்துரைகளைப் படித்தேன். ‘ஒழுங்குமுறைக் கைப்பற்றல்’ என்றால் யாரோ படையெடுத்து வந்து அலுவலகத்தைப் பிடித்துக்கொண்டது போல ஒலிக்கிறது. ‘வேலியே பயிரை மேய்தல்’ நல்ல வழக்குதான். ஆனால் இங்கே மேய்வது வேலி அல்ல. வேலி விலகி வழிவிடுகிறது, மேய்வது வேறொருவர்.

‘கட்டுப்பாட்டு ஊழல்’ என்பதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். ஊழல் என்றதும் லஞ்சப் பணத்தைத் தேடுவோம். அது அகப்படாவிட்டால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாக எண்ணி நகர்ந்துவிடுவோம்.

அமெரிக்காவின் கனிம மேலாண்மைத் துறையைப் பாருங்கள். கடலடி எண்ணெய் வயல்களைக் குத்தகைக்கு விடுவது, ராயல்டி வசூலிப்பது, பாதுகாப்பைக் கண்காணிப்பது எல்லாம் அதனிடமே இருந்தன. பிபி எண்ணெய் நிறுவனத்தின் மக்கோண்டோ என்ற கடலடிக் கிணற்றுக்கு விரிவான சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து 2009இல் விலக்கு அளித்ததும் அதுதான். 2010 ஏப்ரல் 20 அன்று அந்தக் கிணற்றில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். 87 நாட்கள் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கொட்டியது.

அடுத்த மாதம் அத்துறையின் லூசியானா அலுவலகம் ஒன்றைப் பற்றி விசாரணை அறிக்கை வெளிவந்தது. பழைய ஆண்டுகளைப் பற்றியது அது. பரிசுப் பொருள்களும் வேட்டைப் பயணங்களும் அதில் உண்டு. அவற்றைவிட ஒரு சாட்சியின் கூற்று என்னை உறுத்துகிறது: சோதனைப் படிவங்களை எண்ணெய் நிறுவன ஊழியர்களே பென்சிலால் நிரப்புவார்களாம், அரசு ஆய்வாளர் அதன்மேல் பேனாவால் எழுதிச் சமர்ப்பிப்பாராம். இரு தரப்பினரில் பலர் சிறுவயது முதல் பழகியவர்கள் என்றும் விசாரணையாளர்கள் குறிப்பிட்டார்கள். இந்தப் பழக்கத்துக்கு எந்தச் சட்டப்பிரிவில் தண்டனை கொடுப்பது?

ஆகவே ‘ஒழுங்காற்று வசப்பாடு’ என்பதை முன்வைக்கிறேன். ‘ஒழுங்காற்று’ ஏற்கெனவே நாளிதழ்களில் புழங்கும் சொல். உடன்படு உடன்பாடு ஆனது போல, வசப்படு வசப்பாடு ஆகிறது. நிறுவனத்தின் செயலைச் சொல்ல ‘வசப்படுத்தல்’, அதற்கு ஆளான அமைப்பைச் சொல்ல ‘வசப்பட்ட ஆணையம்’ என்று பிற வடிவங்களும் தடையின்றிக் கிடைக்கின்றன.

‘வசியம்’ நினைவுக்கு வருகிறதே என்று ஒரு நண்பர் தயங்கியிருந்தார். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘உணர்ச்சிவசப்படுதல்’. உணர்ச்சிவசப்பட்டவருக்குத் தாம் வசப்பட்டிருப்பது தெரியாது; தம் முடிவு தம்முடையதே என்று உறுதியாக நம்புவார். வசப்பட்ட அதிகாரியும் அப்படித்தான் கையெழுத்திடுகிறார். விதிமுறைகள் பெரும்பாலும் அந்தந்தத் தொழிலின் நலனுக்கே அமைகின்றன என்று பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1971இல் வாதிட்டபோது, தனிமனிதர்களின் நேர்மையைவிட, அமைப்பில் யாருக்கு என்ன ஆதாயம் என்பதையே முதன்மையாகப் பார்த்தார்.

விபத்துக்குப் பிறகு அமெரிக்க அரசு செய்ததும் அமைப்பு மாற்றம்தான்: குத்தகை, வசூல், பாதுகாப்பு மூன்றையும் 2011க்குள் தனித்தனி அமைப்புகளிடம் பிரித்துக் கொடுத்தது. ‘ஊழல்’ என்று மட்டும் எழுதியிருந்தால், சிலரைப் பணிநீக்கம் செய்ததோடு செய்தி முடிந்திருக்கும்.

ஆணையத்திலிருந்து நிறுவனத்துக்கும் அங்கிருந்து மீண்டும் ஆணையத்துக்கும் பதவி மாறும் வழக்கத்துக்குச் ‘சுழல்கதவு’ போதுமா, அல்லது ‘பதவிச் சுழல்’ தெளிவாக இருக்குமா? சட்டத்துறை நண்பர்கள் சொல்லுங்கள்.