ஊருணிக்குச் சுத்திகரித்த கழிவுநீரை விடலாமா?

வளவு வீட்டுக்காரன்:
பாதாள சாக்கடையில் சேரும் நீரைச் சுத்திகரித்துக் காரைக்குடியின் ஊருணிகளை நிரப்பலாம் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் அப்பத்தா, மழை தொடங்கியதும் ஓட்டில் இருக்கும் தூசி கழுவிப் போகும்வரை காத்திருந்து, பிறகுதான் முற்றத்தில் அண்டாவை வைத்து, அதன் வாய்க்கு வெள்ளைத் துணி கட்டுவார். அண்டா நிறைந்தபின் வழியும் நீர் முற்றத்து மூலைத் துவாரத்தில் இறங்கி, தெருக்கால் (தெரு வாய்க்கால்) வழியாக ஊருணிக்குப் போய்விடும். இன்று அதே துவாரத்தில் வாஷிங் மெஷின் நுரை இறங்குகிறது. ஊருணி கெட்டது இப்படித்தான். அதற்கு மருந்து இன்னும் கொஞ்சம் கழிவுநீரா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
நேற்று எழுதியவன் நான்தான். அப்பத்தாவின் அண்டாவை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த முறை மழை பெய்தால்தான் நடக்கும். கழிவுநீரோ சித்திரை வெயிலிலும் வரும். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று திட்டமிட்டால், அதில் 80 விழுக்காடு, அதாவது 108 லிட்டர், கழிவாகத் திரும்பும். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 540 லிட்டர். நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,237 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாவதாகவும், அதில் 2,023 கோடி லிட்டரளவே உண்மையில் சுத்திகரிக்கப்படுவதாகவும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் கணக்குக் காட்டியது. 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வாங்கிக் குடித்த சென்னை, அதே ஆண்டில்தான் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மறுசுத்திகரிப்புச் செய்யும் நிலையங்களைத் திறந்தது. நாமும் அந்த வறட்சி வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வளவு வீட்டுக்காரன்:
ஐயா, அந்த நீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது; யாரும் அதைக் குளத்தில் விடவில்லை. ஏரிகளில் விட்டது பெங்களூரு. 2018 முதல் கோலார் ஏரிகளுக்குப் போகும் அந்த நீர் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு (நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைச் சிதைக்கும் கட்டம்) நிறுத்தி அனுப்பப்பட்டதால்தான் அங்கே வழக்கு வரை போனது. இரண்டாம் நிலை கடந்த நீரில் பாசிக்கு உரமாகும் நைட்ரஜனும் பாஸ்பரசும் தங்கும். கண்மாய்க்காவது உபரி நீர் வழியும் கலுங்கு உண்டு, நீர் மாறும். ஊருணியில் வந்தது வந்தபடியே கிடக்கும், வெயிலில் வற்ற வற்றச் சத்து செறிந்து பாசி படரும். சம்பை ஊற்று நீரின் சுவையைச் சொல்லிப் பெருமைப்படும் நம் காரைக்குடி, தரைக்குள் எதை இறக்குகிறோம் என்று பார்க்க வேண்டாமா?

தேவகோட்டை மருமகள்:
இருவரும் ஊருணிக்கரையிலேயே நிற்கிறீர்கள்; சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. நம் வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன, கழிப்பறை பெரும்பாலும் பின்கட்டில். முன்தெருக் குழாயோடு இணைக்க வேண்டுமானால் ஆத்தங்குடிக் கல் பதித்த கூடங்களைப் பிளக்க வேண்டும் என்று கொத்தனார் சொன்னபோது, என் மாமியார் பேச்சையே மாற்றிவிட்டார். பின்தெருவிலும் குழாய் வராமல் இணைப்பு நடக்காது. அதைவிடப் பெரிது, பாதி வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும்தான் திறக்கின்றன. குழாயில் போதிய நீரோட்டம் இல்லாவிட்டால் கசடு அடியில் படிந்து அடைக்கும். அடைத்தால் பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அடைப்பெடுக்கும் இயந்திரம் நம் சந்துகளில் திரும்புமா என்று யாராவது அளந்து பார்த்தார்களா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
நீரோட்டக் கணக்கு சரியான கேள்வி, அம்மா. ஆட்கள் குடியிருக்கும் தெருக்களை மனத்தில் வைத்தே நான் எழுதினேன். பூட்டிய வீடுகள் மிகுந்த தெருவுக்குச் செப்டிக் டேங்க்கை முறையாகக் கட்டி, குறித்த காலத்தில் லாரியில் உறிஞ்சிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவதே மலிவு. சுத்திகரித்த நீரைத் தென்னந்தோப்புக்கும் கட்டுமான வேலைக்கும் கொடுத்துவிட்டு, ஊருணியை மழைக்கே விட்டுவிடலாம் என்பதுவரை வளவு வீட்டுக்காரருக்கு இறங்கி வருகிறேன். ஆனால் குளியல் நீர் போக வேறு வழி கொடுக்காமல் முற்றத்துத் துவாரத்தை அடைக்கச் சொன்னால் எந்த வீட்டிலும் கேட்க மாட்டார்கள்.

வளவு வீட்டுக்காரன்:
அடைக்கச் சொல்லவில்லை. மழைக்கு ஒரு வாய்க்கால், சோப்பு நீருக்கு ஒரு குழாய் என்று பிரிக்கத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இந்த வாரம் மெஷின் குழாயைத் துவாரத்திலிருந்து எடுத்துக் கொல்லை வாழைக்குத் திருப்பிவிட்டேன். ஐப்பசி மழைக்குள் எங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் எடுக்க முடிகிறது என்று எண்ணிச் சொல்கிறேன்.