மறு: ‘இம்ப்ளிமென்டேஷன்’ – அமலாக்கமா, களமேற்றமா?

குழுவினருக்கு வணக்கம். நம் கல்விக் கலைச்சொல் பட்டியலில் ‘இம்ப்ளிமென்டேஷன்’ என்பதற்கு ‘களமேற்றம்’ என்று நான் முன்வைத்த சொல் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘அமலாக்கம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, ‘அமல்’ அரபி வழி வந்தது என்பதற்காக நான் மறுக்கவில்லை. வந்து வெகுநாளாயிற்று, இருந்துவிட்டுப் போகட்டும். அது ஆணைக்கு உரிய சொல் என்பதுதான் சிக்கல். பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கி, 20 வாரம் பள்ளியில் இருக்கச் சொன்னது 2014 விதிமுறை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து நிறைந்தால் அமலாக்கம் முடிந்தது. கல்லூரியில் படித்தது அந்த 20 வாரத்தில் மாணவர் கையில் என்னவாக மாறியது? அதற்குத்தான் சொல் கேட்கிறேன்.

ஏற்காட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில், பட்டயப் படிப்பு மாணவி ஒருத்தியின் வகுப்பைப் பார்வையிடப் போயிருந்தேன். எண்ணும் எழுத்தும் வகுப்பு, அதாவது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் அரசுத் திட்டம். கற்றல் நிலைப்படி பிள்ளைகளைப் பிரிக்கிற அரும்பு, மொட்டு, மலர் மூன்று நிலையும் ஒரே அறையில். ‘ஓ’வுக்கு ஓடம் வரைந்த அட்டையைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளைகள் ஒரே குரலில் “போட்டு!” என்றார்கள். ஏரியில் சுற்றுலாக்காரர்கள் மிதிக்கிற போட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள், வேறென்ன சொல்வார்கள்? அவள் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் ஓர் ஓணானை வரைந்தாள். வால் அட்டைக்குள் அடங்கவில்லை. பெஞ்சில் கோடு இழுத்து முடித்தாள். வகுப்பு கலகலத்தது, ‘ஓ’ பிடிபட்டது. நானோ குறிப்பேட்டில் “பாடக்குறிப்பிலிருந்து விலகல்” என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் சேர்வதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. அமலாக்கக் கண்ணுக்கு அது விலகலாகத்தான் தெரியும்.

முதலில் அரங்கேற்றம் போல ‘வகுப்பேற்றம்’ என்று யோசித்தேன். அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி என்றுதான் பெற்றோர் காதில் விழும். போதாததற்கு ‘வகுப்பு’ என்றால் சாதிப் பிரிவு என்றும் பொருள்; 1921-லேயே வகுப்புவாரி இடஒதுக்கீட்டு அரசாணை கண்ட நாடு இது. விட்டுவிட்டேன். ‘நடைமுறைப்படுத்தல்’ வேண்டாம், ‘படுத்தல்’ சேர்ந்த சொல் எழுந்து நடந்து நான் பார்த்ததில்லை.

> ‘களமிறக்கம்’ என்றால் எல்லோருக்கும் புரியுமே.

புரியும். வேட்பாளரையும் பந்துவீச்சாளரையும் இறக்குகிற சொல். ஆனால் கொள்கை மேலே, வகுப்பறை கீழே என்ற நினைப்பும் அதிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. சென்னையிலிருந்து பார்க்க எல்லாம் இறக்கமாக இருக்கலாம். அந்தப் பள்ளிக்கு நாங்கள் ஏறித்தான் போகிறோம். அந்தக் காலத்தில் புலவர் தம் நூலை அவையில் வைக்கும் அரங்கேற்றத்தில் அவை கேள்வி கேட்கும், நூல் திருத்தம் பெறும். அந்த ‘ஏற்றம்’ எனக்கு வேண்டும். வினையாகவும் நன்றாக வளைகிறது: ஆய்வைக் களமேற்றினாள், கொள்கை களமேறியது, களமேறாத கொள்கை.

அமலாக்கத்தைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டாம், அரசாணைக்கு இருக்கட்டும். அதன் கீழே சேர்க்க என் வரைவு:

களமேற்றம் – கொள்கையோ ஆய்வு முடிவோ வகுப்பறைக்கு வந்து, அங்குள்ள பிள்ளைகளுக்கேற்ப மாறிப் பயன்படுவது.

சுருக்குகிறேன் என்று ‘மாறி’யை மட்டும் யாரும் வெட்டிவிடாதீர்கள்.