62ஆம் எண் சட்டை: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

எக்ஸ்டன்காரன்:

நம்மில் பாதிப் பேருக்கு அமெரிக்கன் ஃபுட்பால் என்றாலே கொட்டாவி வரும். நாலு விநாடி முட்டிக்கொள்வார்கள், நாற்பது விநாடி நிற்பார்கள், நடுவில் பீர் விளம்பரம். நானும் அப்படித்தான் இருந்தேன், 2018 பிப்ரவரி 8 வரைக்கும்.

அதற்கு நாலு நாள் முன்னால்தான் மினியாபொலிஸில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி நியூ இங்கிலாந்தை 41-33 என்று தோற்கடித்து முதல்முறையாக சூப்பர் பவுலை, அதாவது லீக்கின் இறுதிக் கோப்பையை, வாங்கியிருந்தது. வெற்றி ஊர்வலத்துக்கு பிலடெல்பியா மொத்தமும் கிளம்பிவிட்டது. ஆபீஸில் ஆளே இல்லை, சரி என்று நானும் போனேன். என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகும், தூரத்தில் ஒரு பெரிய திரையும்தான். அந்தத் திரையில் ஒரு தாடிக்காரர் வந்தார். உடம்பு முழுக்க ஜிகினா, பளபளவென்று பச்சை. ராஜபார்ட் வேஷக்காரர் நாடகக் கொட்டகையிலிருந்து நேராக ஓடி வந்ததுபோல இருந்தது. அது மம்மர்ஸ் உடை என்று பிறகு சொன்னார்கள். புத்தாண்டு அன்று இந்த ஊரில் கோஷ்டி கோஷ்டியாக அதைப் போட்டுக்கொண்டு ஆடிவருவார்கள்.

ஆர்ட் மியூசியப் படிக்கட்டில் நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். தன் அணியில் ஒவ்வொருவரையும் ஊர் என்ன சொல்லி ஒதுக்கியது என்று வரிசையாகச் சொன்னார். ஒருவருக்கு வயதாகிவிட்டதாம், இன்னொருவருக்குத் திறமை போதாதாம். ஜேசன் கெல்சி சின்ன ஆளாம். தன்னைத்தான் சொல்லிக்கொண்டார், 62ஆம் எண் சட்டைக்காரர், ஈகிள்ஸின் சென்டர்.

ஆறடி மூன்று அங்குலம், சுமார் 134 கிலோ. இவர் சின்ன ஆளா என்று பக்கத்தில் நின்ற ஆபீஸ் நண்பரைக் கேட்டேன். "அவர் வேலைக்குச் சின்ன ஆள்தான்" என்றார். அன்று ரயில் கிடைக்காமல் இரண்டு மணி நேரம் நின்றோம், அந்த நேரம் முழுக்க எனக்குப் பாடம் நடந்தது.

பந்துக்குப் பின்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேர்தான் ஆஃபென்சிவ் லைன். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, ஓரத்தில் டாக்கிள். எதிராளிகள் பந்தை வீசும் குவாட்டர்பேக்கை நெருங்காமல் தடுப்பது, ஓடுகிறவனுக்கு வழி திறந்துவிடுவது, இவ்வளவுதான் வேலை. அவர்களை நோக்கி யாரும் பந்தை வீசுவது கிடையாது. சென்டர் கதை இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு முறை முட்டல் தொடங்கும்போதும் முதலில் பந்தைத் தொடுகிறவர் அவர்தான், கால் இடுக்கு வழியாகப் பின்னால் தள்ளிவிடுவார். அதுதான் ஸ்னாப். அந்த நொடியிலிருந்து யார் கண்ணுக்கும் அவர் தெரியமாட்டார். நான் திருவாரூர்க்காரன். ஆழித்தேர் ஓடும்போது எல்லோரும் அண்ணாந்து கும்பிடுவோம். சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர் முகம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? கெல்சி எனக்கு அந்த மாதிரிதான் பட்டார்.

அப்புறம் உட்கார்ந்து அவர் கதையைப் படித்தேன். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாமல், தானாகப் போய்ச் சேர்ந்த பையன். பள்ளியில் பந்தோடு ஓடுகிற இடத்திலும், தடுப்பாட்டத்தில் லைன்பேக்கராகவும் ஆடியவரை லைனுக்கு மாற்றினார்கள். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 2011 டிராஃப்டில் 190 பேரை எடுத்த பிறகுதான் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், ஆறாவது சுற்று, 191ஆவது ஆள். அடுத்த வருடமே இரண்டாவது மேட்சில் முழங்கால் தசைநார் கிழிந்து, அந்த சீசன் போயிற்று. இத்தனையும் தாண்டி மொத்தம் 13 சீசன், அதில் தொடர்ச்சியாக 156 மேட்சில் ஆரம்பத்திலேயே இறங்கிய ஆள். ஈகிள்ஸ் வரலாற்றில் வேறு யாரும் அத்தனை மேட்சில் விடாமல் ஆரம்பத்திலேயே இறங்கியதில்லை.

நீங்கள் யாராவது லைன்காரர்களை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

கிளீவ்லாந்து அக்கா:

தம்பி, கெல்சி எங்கள் பக்கத்துப் பையன். கிளீவ்லாந்து ஹைட்ஸ் பள்ளியில் படித்தவர். அங்கே ஜாஸ் குழுவில் சாக்ஸபோன்கூட வாசித்திருக்கிறார். ஆனால் நான் சொல்ல வந்தது ஜோ தாமஸைப் பற்றி.

2007 டிராஃப்ட் நாளில் மூன்றாவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தபோது, மேடைக்குப் போகாமல் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பிரவுன்ஸ் அணிக்கு லெஃப்ட் டாக்கிள். எங்கள் அணி லட்சணம் உங்களுக்குத் தெரியும். அவர் இருந்த 11 வருடத்தில் ஒரு தடவைகூட பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்குப் போகவில்லை. குவாட்டர்பேக்குகள் வருவார்கள், போவார்கள், இவர் மட்டும் அதே இடத்தில் குனிந்து நிற்பார்.

2017 அக்டோபர் 22, டென்னசியோடு மேட்ச். நாங்கள் மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று என் கணவர் சமோசாவைக் கையில் வைத்தபடியே எழுந்து நின்றுவிட்டார். கீழே 73ஆம் எண் புல்லில் கிடக்கிறது. அரங்கம் அப்படியே அமைதியாகிவிட்டது. எங்கள் அரங்கில் நான் கேட்டிராத அமைதி, ஏனென்றால் தோற்கும்போதுகூட நாங்கள் கத்திக்கொண்டேதான் தோற்போம். புஜத்தின் பின்தசை கிழிந்துவிட்டதாம். அது வரைக்கும் ஒரு தடவைகூட வெளியே உட்காராமல் தொடர்ந்து 10,363 ஸ்னாப். அதன் பிறகு அவர் ஆடவே இல்லை.

2023இல் கான்டனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது ஜாம்பவான்களுக்கான மண்டபத்தில், சேர்த்தார்கள். அப்போது டிவியில் பார்த்து, இவரா அவர் என்று நான் கேட்டேன். ஓய்வு பெற்றதும் எடையைக் குறைத்து, பக்கத்து வீட்டு பேங்க் மேனேஜர் மாதிரி ஆகிவிட்டார்.

பிளேனோ அப்பா:

அக்கா எடையைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். என் மகன் பள்ளி அணியில் ரைட் கார்டு. பெரிய லீக்கெல்லாம் இல்லை, டெக்ஸஸ் வெள்ளிக்கிழமை ராத்திரி மேட்ச்தான். ஆனால் அந்த வேலை என்ன என்று வீட்டிலேயே பார்த்தேன்.

எடை ஏற்றச் சொன்னார்கள். காலையில் பதினான்கு இட்லி. பதினைந்தாவதை அவன் அம்மா வைக்கும்போது அழுகிற முகத்தோடு சாப்பிடுவான். சாப்பிடுவதும் வேலைதான் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆகஸ்ட் வெயிலில் பயிற்சி. வீட்டுக்கு வந்ததும் விரல்களைச் சுற்றிய டேப்பைப் பிரிப்பான், ஒவ்வொரு விரலாக. ஒரு தடவை மோதிர விரல் எதிராளியின் சட்டையில் சிக்கித் திரும்பிவிட்டது. "இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார் கோச். எனக்குப் பயங்கரக் கோபம். அவனோ, "லைனில் எல்லோரும் அப்படித்தான்பா ஆடுறாங்க" என்றான். இன்றைக்கும் அந்த விரல் நேராக நிற்காது.

மூன்று வருடத்தில் மைதான மைக்கில் அவன் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. எண் வந்தது, இரண்டு தடவை. இரண்டுமே "ஃபால்ஸ் ஸ்டார்ட், நம்பர் 66". பந்து நகர்வதற்கு முன்னால் இவன் நகர்ந்துவிட்டதற்கு ஐந்து கெஜம் தண்டனை. அவன் பாட்டி சென்னையிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தவர், பேரனை மைக்கில் புகழ்கிறார்கள் என்று நினைத்துக் கை தட்டினார்.

ஜெர்சி பையன்:

நான் கெல்சியைப் பார்த்திருக்கிறேன்! சீ ஐல் சிட்டி கடற்கரையில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு நாள் பாரில் நின்று பீர் ஊற்றித் தருவார், வசூல் ஈகிள்ஸ் ஆட்டிசம் ஃபவுண்டேஷனுக்கு. உள்ளே நுழைய முடியவில்லை, ஜன்னல் வழியாக ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. என் தொடை அளவு இருந்தது. அவ்வளவுதான் என் அனுபவம் :)

சிட்னியிலிருந்து:

எங்கட ஜோர்டன் மைலாட்டாவை ஒருவரும் சொல்லவில்லையே! பாங்ஸ்டவுனில் வளர்ந்த சமோவாக் குடும்பத்துப் பிள்ளை. ரக்பி லீக் விளையாடியவர். ஆறடி எட்டு அங்குலம். வாழ்க்கையில் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச்கூட விளையாடாத ஆளை 2018இல் ஏழாம் சுற்றில் ஈகிள்ஸ் எடுத்தது. கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் முதலிலிருந்து பழக்கினார். இரண்டு வருடம் ஒரு லீக் மேட்ச்கூட இல்லை, 2020இல்தான் இறங்கினார். 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் ஈகிள்ஸ் கான்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்ற அன்றைக்கு எங்களுக்குத் திங்கட்கிழமைக் காலை. வேலைத்தலத்தில் ஒளித்து வைத்துப் பார்த்தோம். என்னோடு வேலை செய்கிற சமோவா நண்பர் மேசைக்கடியில் குனிந்து அழுதுகொண்டிருந்தார். நான் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் இருந்தேன்.

எக்ஸ்டன்காரன்:

அருமை. அழுகை என்றதும் 2024 மார்ச் 4 ஞாபகம் வருகிறது. கெல்சி ஓய்வை அறிவிக்க உட்கார்ந்தார். கை இல்லாத டீ-ஷர்ட். பேச்சைத் தொடங்கும் முன்பே உடைந்துவிட்டார். முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடிக்குள் தம்பி டிராவிஸ் கெல்சியும் அழுதுகொண்டிருந்தார். முந்தைய வருடம்தான் சூப்பர் பவுலில் அண்ணனும் தம்பியும் எதிரெதிராக ஆடி, தம்பி 38-35 என்று ஜெயித்திருந்தார். அந்த மேட்சுக்கு அம்மா இரண்டு அணிக்கும் பாதிப் பாதியாகத் தைத்த ஜாக்கெட்டில் வந்திருந்தார். ஓய்வு அறிவித்த அன்று கெல்சி நாற்பது நிமிடத்துக்கு மேல் பேசினார். ஆபீஸ் கேன்டீனில் சாம்பார் சாதம் ஆறிப்போக நான் நின்றபடியே கேட்டேன்.

பிளேனோ அண்ணே, உங்கள் மகனிடம் சொல்லுங்கள், நான் இப்போதெல்லாம் பந்தைப் பார்ப்பதே இல்லை. ஸ்னாப் ஆனதும் கண் நடுவில் நிற்கும் ஐந்து பேர் கால்களுக்குப் போய்விடுகிறது. என் மனைவி திடீரென்று குதிப்பாள். டச்டவுன் போட்டது யார் என்று அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.